சமையலறையில் கேட்ட அய்மோல் சொல்

மட்டாஞ்சேரியில் நான் பாத்திரம் கழுவிய ஹோட்டலுக்கு மணிப்பூர் மலையிலிருந்து ஓர் அக்காவும் தம்பியும் வேலைக்கு வந்தார்கள். தம்பிக்கே முப்பது வயதிருக்கும். அவர்கள் பேசியது அய்மோல். சில கிராமங்களில் மட்டும் பேசும் மொழி.

அவர்கள் பேசினால் தேனிப் பக்கத்துத் தமிழரான எங்கள் சமையல்காரர் அதே ராகத்தில் உளறிக் காட்டுவார். நானும் சிரித்திருக்கிறேன். மலையாளப் பள்ளிக்கூடத்தில், நான் தமிழ் பேசியதற்காக என்னைப் 'பாண்டி' என்று கூப்பிட்டவர்களும் இப்படித்தான் சிரித்தார்கள்.

ஒரு ஞாயிறு மதியம் சமையல்காரர் அடுப்புக்கு முதுகு காட்டி நின்றிருந்தார். அடுப்பின் கால் மடங்கி, எண்ணெய்ச் சட்டி அவர் பக்கம் சாய்ந்தது. தம்பி ஏதோ கத்திக்கொண்டே ஓடிவந்து அவரைத் தள்ளிவிட்டான். கொதித்த எண்ணெய் தரையெல்லாம் தெறித்தது, அவன் பாதத்திலும்.

"திட்டிக்கிட்டே எண்ணெய என் மேல கவுக்கப் பாக்குறான்டா!" சமையல்காரர் இரும்புக் கரண்டியை எடுத்தார். இரண்டு பேர் தம்பியின் கைகளைப் பிடித்துக்கொண்டார்கள். முதல் அடியில் பல் தெறித்தது. அக்கா தன் மொழியில் அலறினாள். அலற அலற அடி கூடியது. இரண்டாவது அடியில் தாடை உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது.

"சேட்டா, நிறுத்து! சட்டி தானே சாஞ்சது, நான் கண்டேன்!" யாரும் திரும்பவில்லை. கழுநீர் வாளியைத் தூக்கி அவர் முகத்தில் வீசினேன். எண்ணெயில் வழுக்கி விழுந்தார். அப்போதுதான் நின்றது.

எர்ணாகுளம் ஆஸ்பத்திரியில் தம்பியின் தாடையைக் கம்பியால் கட்டினார்கள். அவன் என்ன கத்தினான் என்று போலீஸ்காரர் கேட்டார்.

"'சூடு, தள்ளிப்போ'ன்னு" என்றாள் அக்கா, உடைந்த மலையாளத்தில்.

"நீ அவனோட அக்கா. இந்தப் பாஷை தெரிஞ்ச வேற ஆள் உண்டா?"

அவள் இல்லையென்று தலையசைத்தாள்.

"தம்பி கத்தினது எனக்கு மனசிலாகல, சார்" என்றேன். "கண்டதைச் சொல்றேன், எழுதிக்கோங்க."

சமையல்காரரைக் கைது செய்தார்கள். மறுநாள் முதலாளி என்னை வர வேண்டாம் என்றார். இப்போது பள்ளுருத்தியில் ஒரு மெஸ்ஸில் இருக்கிறேன்.

கம்பி எடுத்த அன்று தம்பி அம்மாவுக்கு ஃபோன் செய்தான். நானும் போயிருந்தேன். வாய் கோணி, சொற்கள் குழறின. மறுமுனையில் அம்மா திரும்பத் திரும்ப எதையோ கேட்டாள். கடைசியில் அக்கா ஃபோனை வாங்கி, அவன் சொன்னதை ஒவ்வொரு சொல்லாக அம்மாவுக்குச் சொன்னாள்.