அப்பாவுக்குப் போன ஜாம் பாட்டில்

முந்திரிப்பழத்தை ஜாமாகக் காய்ச்சுவதற்கு முன்னால் உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, பிறகு இட்லிப் பானையில் வைத்து ஆவி காட்ட வேண்டும் என்பது விதி. அதைச் செய்யாமல் விட்டாலும் கொதிக்கும்போது வீடெல்லாம் மணக்கும், நாக்கில் வைத்தால் தித்திக்கும். விழுங்கிய பிறகுதான் தொண்டையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் கரகரக்கும்.

ஆலங்குடிக்குக் கிழக்கே இருந்த எங்கள் ஊரில் கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு பழத்தை மரத்தடியிலேயே வீசிவிடுவதுதான் வழக்கம். பெண்களுக்கென்று நடந்த ஏதோ ஒரு பயிற்சி முகாமுக்குப் போய்வந்த அம்மா, எனக்குப் பத்து வயதான அந்தக் கோடை விடுமுறையில், என்னையும் ஏழு வயதுத் தங்கை மல்லிகாவையும் உட்காரவைத்து, ஆளுக்கு ஒரு சட்டி, ஆளுக்கு ஒரு பாட்டில் என்று பிரித்துக் கொடுத்தாள். ஜாம் நாங்கள் தின்பதற்கில்லை, பிறருக்குக் கொடுப்பதற்கு என்பது நிபந்தனை. சிங்கப்பூரில் வேலை பார்த்த அப்பா மூன்று வருடமாக ஊருக்கு வரவில்லை. அங்கே கிளம்பிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு ராமையா மாமா, ஒரே ஒரு பாட்டில் என்றால் கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார். அந்த ஒன்று என்னுடையதாகத்தான் இருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நான் எல்லாவற்றையும் முறைப்படி செய்தேன். ஊறவைத்தேன், ஆவி காட்டினேன், மசித்து வடிகட்டினேன், எலுமிச்சை பிழிந்தேன், தெறித்த குமிழியில் கை வெந்தும் அகப்பையை விடவில்லை. மல்லிகாவோ உப்புத் தண்ணீரை அம்மாவுக்குத் தெரியாமல், கழிவுநீர் ஓடும் சலதாரையில் கொட்டிவிட்டாள்.

"உப்புல போட்டா ஊறுகா ஆயிரும்ண்ணே" என்றாள்.

நான் மேலிடத்துக்குத் தெரிவிக்கவில்லை. அவள் தானாகவே தோற்கட்டும் என்று காத்திருந்தேன்.

அம்மா என் பாட்டிலில் விரல் நுனியைவிட்டு நக்கிப் பார்த்தாள். அடுத்து மல்லிகாவின் பாட்டில். விழுங்கியதும் இருமல் வந்து ஒரு செம்புத் தண்ணீரையும் குடித்தாள், பிறகு தனக்குள் சிரித்தாள். ஆயிற்று, தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது என்று நான் நிமிர்ந்து நின்றபோது, மல்லிகாவின் பாட்டிலைத் துண்டில் சுற்றி ராமையா மாமாவின் கையில் கொடுத்தாள்.

"அது தொண்டயப் பிடிக்கும்மா. உப்புத் தண்ணியிலயே போடல" என்றேன்.

"தெரியும்டா தம்பி. நீ போயி வெளையாடு."

மல்லிகா தன் ஜாம் கப்பல் ஏறிவிட்டதாகத் தெருவெங்கும் சொல்லிக்கொண்டு திரிந்தாள். மானம்தான் அப்படிக் கப்பல் ஏறும் என்று நான் கேள்விப்பட்டிருந்தேன். என் பாட்டில் யாருக்கும் பரிசாகப் போகவில்லை. அடுப்படிப் பலகையின் மேல்தட்டுக்கு ஏறி அங்கேயே உட்கார்ந்திருந்தது. ஜாம் மட்டும் நாளுக்கு நாள் குறைந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் அம்மா கிண்ணத்தில் வழித்துக் கொடுக்கிறாள் போலும் என்று எண்ணி மேலும் வெந்தேன். பிற்காலத்தில் அரசு அலுவலகத்தில், எனக்கு இளையவர்கள் பதவி உயர்வில் என்னைத் தாண்டிப் போனபோதெல்லாம் ஆட்சேபணை எழுதியிருக்கிறேன். ஒன்றிலும் அந்தச் சூடு இருந்ததில்லை.

இப்போது அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. முந்திரித் தோப்பு நின்ற இடத்தில் தைலமரம் நிற்கிறது. இந்தக் கோடையில் மல்லிகா பேரப்பிள்ளைகள் இரண்டு பேரோடு என் வீட்டுக்கு வந்தாள். கீரமங்கலம் பக்கம் போய் ஒரு கூடைப் பழம் வாங்கிவந்து, ஏதோ தானே கண்டுபிடித்த முறை போலப் பிள்ளைகளிடம் பழத்தை உப்புத் தண்ணீரில் ஊறவைக்கச் சொல்லி, ஜாம் காய்ச்சி, தெருவில் வீட்டுக்கு ஒரு பாட்டில் கொடுக்கச் செய்தாள். இத்தனை காலம் என் வாசற்படி ஏறாத எதிர்வீட்டுக்காரர் அன்று ஏறிவந்து, "ஒங்க தங்கச்சி கைப்பக்குவமே தனிங்க சார்" என்றார். எனக்கு அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை.

அவள் திருச்சிக்குத் திரும்பிய பிறகு கைப்பேசியில் ஒரே ஒரு கேள்வி அனுப்பினேன்: அம்மா ஏன் உன்னுடையதை அப்பாவுக்கு அனுப்பினாள்? பதில் இல்லை. முறைப்படி ஒரு நினைவூட்டலும் அனுப்பினேன். அதற்கும் இல்லை. பிறகு ஒருநாள் குரல் பதிவாக வந்தது:

"அண்ணே, அன்னிக்கு ஒன்ன வெளிய அனுப்பிட்டு அம்மா எங்கிட்டச் சொன்னுச்சு, மூணு வருசமா ஊருப்பக்கம் எட்டிப் பாக்காத மனுசனுக்கு இதுவே போதும், ஒங்க அண்ணன் செஞ்சது எனக்குன்னு. நீ வெளையாடப் போனதும் தெனம் எடுத்துத் திங்கும். நான் கை நீட்டுனா தட்டி விட்டுரும், ஒரு விரல்கூடக் குடுக்கல. இப்ப நெனச்சாலும் எனக்கு ஒம்மேல எரியுதுண்ணே."

அலுவலக வழக்கப்படி இது வந்து சேர்ந்த நாளையும் குறித்துவைத்தேன்: ஆடிப்பெருக்கு.