டீசலில் புகுந்த காற்று

டீசல் வாசனை சோப்புக்கு மசியாது. அப்பா கடையிலிருந்து வந்து, கை கால் கழுவி, திருநீறு பூசிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்த பிறகும், அவர் பிசைகிற ரசஞ்சோற்றின் வாசனைக்கு அடியில் அது லேசாக இருந்துகொண்டேயிருக்கும். அம்மா மூக்கைச் சுளிப்பாள், எனக்கோ அதுதான் அப்பாவின் வாசனை என்று பழகிப்போயிருந்தது.

அபிராமபுரத்தில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தி. நகரில் சின்னதாக ஜவுளிக்கடை போட்டிருந்த அப்பாவுக்கு, துணி மூட்டைகளை ஏற்றி இறக்க ஒரு பழைய டீசல் கார் இருந்தது. அதைக் கிளப்பப் பொறுமை வேண்டும். சாவியைப் பாதி திருப்பி, எஞ்சினுக்குள் இருக்கும் ஹீட்டர் சூடேறி, கம்பிச்சுருள் படம் போட்ட மஞ்சள் விளக்கு அணைகிறவரை காத்திருந்து, அதற்கப்புறம்தான் "செல்ப்" அடிக்க வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது என்று நான் குதித்தால் "ஹீட்டர் ஏறட்டும்" என்பார். நாளடைவில் குக்கர் விசில் வராவிட்டாலும், கோபத்தில் அம்மா பேசாமலிருந்தாலும் எங்கள் வீட்டில் அதே பேச்சுதான், ஹீட்டர் ஏறட்டும்.

அவருக்கு இன்னொரு சட்டமும் இருந்தது. டேங்கில் டீசல் கால்வாசிக்குக் கீழே இறங்கக் கூடாது. பெட்ரோல் வண்டி காலியாகி நின்றால் ஊற்றியதும் ஓடிவிடும், டீசல் வண்டி அப்படி விட்டுக்கொடுக்காது. எண்ணெய் தீர்ந்ததும் குழாய்க்குள் காற்றை இழுத்துக்கொள்ளும், அப்புறம் டேங்க் வழிய வழிய ஊற்றினாலும் அந்தக் காற்றை வெளியே எடுக்கிறவரை அசையாது. இதற்கு "ஏர் புடிக்கிறது" என்று பெயர். வண்டியைக் காயப் போட்டு ஏர் பிடிக்க விட்டவனை அப்பா டிரைவர் என்றே ஒத்துக்கொள்ள மாட்டார்.

நான் ஏழாவது படித்தபோது சர்க்கரை அவர் கண்ணுக்கு ஏறியது. இனிமேல் ஓட்ட வேண்டாம் என்று டாக்டர் சொன்னதற்கு நன்றாகத் தலையாட்டிவிட்டு, வெளியே வந்ததும் அப்பாவே சாவியைப் போட்டு வண்டியை எடுத்தார். அம்மா சண்டை போட்டுப் பார்த்தாள், அழுது பார்த்தாள். மந்தைவெளியில் ஒரு சைக்கிள்காரரை உரசிவிட்டு அவர் வந்த நாளில், "நானே ஓட்டிக்கிடுதேன், கத்துக் குடுங்க" என்றாள். அப்பா முதலில் சிரித்தார், பிறகு உண்மையாகவே கற்றுக்கொடுத்தார். இருவருக்கும் ஓர் ஒப்பந்தம். அம்மா லைசென்ஸ் வாங்கிவிட்டால் அவர் ஸ்டியரிங்கைத் தொட மாட்டார். வாங்காவிட்டால் பழையபடி அவரேதான். அம்மாவின் அந்த டெஸ்ட் தேறுவதில்தான் அப்பாவின் உயிரே இருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன், அது மிகையும் இல்லை.

டெஸ்ட் அன்று காலை, தலைக்குக் குளித்து, நல்ல புடவை கட்டிக்கொண்டு அம்மா வண்டியில் உட்கார்ந்தாள். மஞ்சள் விளக்கு அணைந்தது. செல்ப் அடித்தாள். சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது, எஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை. மறுபடி ஹீட்டர், மறுபடி செல்ப். அப்பா மாடிப்படியில் உட்கார்ந்து பேப்பரை விரித்து வைத்திருந்தார். அந்தக் கண்ணால் அதில் ஓர் எழுத்தும் படிக்க முடியாது என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

தெருமுனை ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டும் தனசேகர் சத்தம் கேட்டு வந்து பானெட்டைத் தூக்கினார். "செல்ப் சூப்பரா சுத்துதுக்கா, பேட்டரி நல்லாத்தான் கீது" என்றார். இன்னொரு தரம் அடிக்கச் சொல்லிவிட்டுப் பின்னால் போய்ச் சைலன்சரைக் குனிந்து பார்த்தார். "பொகையே காணோமே. டீசல் போயி எரியலன்னா வெள்ளையாவாச்சும் பொக வரும். இதுல டீசலே போவல." டீசல் முள் அரையைக் காட்டுகிறது என்றாள் அம்மா. தனசேகர் தலையைச் சொறிந்துகொண்டு மாடிப்படியைப் பார்த்தார். "இன்னா நைனா, எல்லாம் தெரிஞ்ச ஆளு நீங்களே கம்முனு குந்திகினு கீறீங்க?"

அப்பா பேப்பரைத் திருப்பினார். நேரம் போய்க்கொண்டிருந்தது. இன்றைக்குப் போகாவிட்டால் இன்னொரு தரம் அந்த அலுவலகப் படி ஏறுகிற தைரியம் தனக்கு வராது என்று முதல்நாளே அம்மா சொல்லியிருந்தாள்.

அப்போது கீழ்வீட்டில் குடியிருந்த வீட்டுக்கார மாமா செடிக்குத் தண்ணீர் ஊற்ற வந்தார். வம்பு பேசுகிறவர் அல்ல, நல்ல மனிதர். "கார்த்தால இருட்டு பிரியறச்சேயே வண்டி கெளம்பற சத்தம் கேட்டுதே. அப்ப நன்னாத்தானே கெளம்பித்து?" என்றார்.

அம்மா சாவியை உருவிக்கொண்டு இறங்கினாள். அவள் குரல் உயரவேயில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "நான் லைசென்ஸ் வாங்கக் கூடாதுன்னு ஏதும் செஞ்சு வச்சியளா?"

அப்பா பேப்பரை மடித்து வைத்தார். "ஏர் புடிச்சிருக்கு."

"எப்படிப் புடிச்சுது?"

அவர் எழுந்து படியிறங்கி வந்தார். நாளையிலிருந்து வண்டி உன்னுடையது, கடைசியாக ஒரு தரம் ஓட்டிவிடலாம் என்று கொட்டிவாக்கம் வரைக்கும் போய்வந்தேன் என்றார். திரும்பும்போது தெருமுனையில் வண்டி இருமிக்கொண்டு நின்றுவிட்டதாம். பால்காரரைக் கூப்பிட்டுத் தள்ளிவந்து வாசலில் விட்டு, கடை ஜெனரேட்டருக்காக டிக்கியில் இருந்த கேன் டீசலை ஊற்றியிருக்கிறார். "காத்த எடுத்துருவோம்னு பாத்தேன். ஸ்க்ரூ தட்டுப்படல."

"காலுக்குக் கீழ விடவே மாட்டியளே. எப்படிக் காஞ்சுது?"

அப்பா பானெட் விளிம்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். தனசேகருக்கும் மாமாவுக்கும் முன்னால்தான் அதைச் சொல்ல வேண்டியிருந்தது.

"முள்ளு தெரியல, சுந்தரி."

மாமா குழாயை மூடிவிட்டு உள்ளே போனார். எதிரில் வருகிற பஸ் தெரிகிறது, சிக்னல் தெரிகிறது, எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அத்தனை மாதம் வாதாடிய மனிதர், கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் ஒரு சின்ன முள் தனக்குத் தெரியவில்லை என்பதைத் தன் வாயால் சொல்லிவிட்டார். டாக்டர் சொல்லியும், அம்மா அழுதும் வராத சொல் அது. வண்டிக்கு என்ன கோளாறு என்று கேட்கப்போய்த்தான் வந்தது.

அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். "ஸ்க்ரூ எங்கன இருக்கு, சொல்லுங்க" என்றாள். தனசேகர் ஸ்பானரை நீட்டினார். அப்பா இடம் சொல்ல, அம்மா வடிகட்டியின் மேலிருந்த ஸ்க்ரூவைத் தளர்த்தினாள். அதன் பக்கத்திலிருந்த சின்னப் பம்பை அப்பா கட்டை விரலால் அழுத்தி அழுத்தி விட்டார். சோப்பு நுரை போல டீசல் கொப்பளித்து வந்தது. அப்பா தலையைச் சாய்த்து அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார். சீறல் அடங்கி எண்ணெய் வழுவழுவென்று வழிந்ததும், "இப்ப முறுக்கு" என்றார்.

அம்மா கைகூடக் கழுவவில்லை. ஏறி, மஞ்சள் விளக்கு அணையக் காத்திருந்து, செல்ப் அடித்தாள். இரண்டு தரம் திக்கி, மூன்றாம் தரம் தெருவையே கரும்புகையாக்கிக்கொண்டு எஞ்சின் பிடித்தது. அப்பா யாரும் சொல்லாமலே இடப்பக்கம் சுற்றிப் போய்க் கதவைத் திறந்து உட்கார்ந்தார். அம்மா அன்று தேறினாள். ரிவர்ஸ் எடுக்கும்போது கை நடுங்கியது என்று அப்பா கேலி செய்தார், அவள் இல்லை என்று கடைசி வரை சாதித்தாள்.

அவர் அதற்குப் பிறகு ஓட்டவில்லை. ஆனால் இடப்பக்கம் ஏறி உட்கார்ந்ததும், "முள்ளு எங்க இருக்கு?" என்று கேட்பார். "அரை" என்பாள் அம்மா, "கால்" என்பாள். கால் என்றால் முதலில் பெட்ரோல் பங்குக்குத்தான் போக வேண்டும். பார்வை முழுக்கப் போய்விட்ட பின்பும் அந்தக் கேள்வி நிற்கவில்லை. தன்னிடம் மிஞ்சியிருந்த டிரைவர் வேலையை அவர் அப்படிப் பார்த்துவந்தார் என்று எனக்குத் தோன்றும்.

அப்பா போய்ப் பல வருடங்களாகிவிட்டன. அந்த வண்டி பழைய இரும்புக்குப் போனது. அபிராமபுரத்து வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள், தெருமுனையில் ஆட்டோ ஸ்டாண்டும் இல்லை. எங்கள் தெருவில் ஹீட்டர் என்றால் இப்போது குளியலறைச் சாமான்தான். நான் வைத்திருப்பது பேட்டரி கார். பொத்தானை அழுத்தினால் சத்தமே இல்லாமல் கிளம்புகிறது. இன்னும் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று எண்ணில் எழுதிக் காட்டுகிறது.

அம்மாவுக்குப் போன மாதம் கண்புரை ஆபரேஷன். கறுப்புக் கண்ணாடி போட்டு, கையைப் பிடித்துக் கூட்டிவந்து இடப்பக்கத்தில் உட்கார வைத்தேன். பெல்ட்டைத் தடவித் தேடி மாட்டிக்கொண்டு, நேரே பார்த்தபடி கேட்டாள்.

"முள்ளு எங்க இருக்கு?"

என் வண்டியில் முள்ளே கிடையாது. "முக்கால் இருக்கும்மா" என்றேன்.