அந்தோணிமுத்துவின் பூட்ஸும் என் வெறுங்காலும்

அந்தோணிமுத்துவை அறிந்த பெரியோர்களே, தாய்மார்களே, அவனிடம் கோல்ப் ஆடித் தோற்றுவிட்டு மழையைக் குறை சொன்ன கனவான்களே! உங்களில் ஒருவர்கூட நம்பப்போகாத ஒரு கதையைச் சொல்லப்போகிறேன் என்று இதனால் பிரகடனம் செய்கிறேன். உங்கள் இடத்தில் இருந்தால் நானும் என்னை நம்பமாட்டேன்.

செய்தி வந்தபோது நானே நம்பவில்லை. போன செவ்வாய்க்கிழமை பகல், ஹட்டன் பஸ் நிலையத்தில் நோர்வூட் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். அந்தோணியின் தம்பி சூசை, சட்டையில் கறுப்புத் துணி குத்திக்கொண்டு வந்தான்.

"ராசண்ணே, அண்ணன் போயிருச்சு. காலையில நெஞ்சு வலிக்குதுன்னுச்சு, அவ்வளவுதான்."

"யாருடா சொல்லிவிட்டது, அவன்தானே? எந்தக் கடைக்குப் பின்னால நின்னு சிரிக்கிறான்?"

"எழவு சொல்ல வந்தவன்கிட்ட கேக்குற கேள்வியாண்ணே இது?"

கடைக்குப் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் அழுதேன்.

இறந்தவர்களை 'அவர்' என்று எழுதுவதுதான் மரியாதை. எழுதிப் பார்த்தேன், கை ஒத்துழைக்கவில்லை. நாங்கள் இருவரும் துரைமாருக்கு கோல்ப் பை தூக்கியவர்கள், வெறுங்காலோடு. துரையின் பந்து தேயிலைக்குள் போய்விட்டால், கால் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் அதைக் கவ்வி, நடை மாறாமல், நல்ல புல்லில் வைத்துவிடுவது எங்கள் தொழில் ரகசியம். அந்தோணியின் கால்விரல்கள் இந்தக் கலையில் சக்கரவர்த்திகள். துரை கேட்டால், "பந்துக்கே நல்ல இடம் தெரியுதுங்க" என்பான். அவன் மட்டையைச் சுழற்றினால் அந்தக் காற்றிலேயே பொல்பிட்டிய மின்நிலையம் ஒரு வாரம் ஓடும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

எழுபதுகளின் நடுவில் ஒரு வருடம், கோல்ப் ஆட்டத்தையே தொழிலாகக் கொள்ள விரும்பியவர்களுக்கு ஒரு சிறிய சுற்றுப் போட்டி வைத்தார்கள். மலைநாட்டில் ஐந்து மைதானங்கள், ஐந்து வாரங்கள். மொத்தத்தில் குறைந்த அடிகளில் முடிப்பவருக்குத் தொழில் ஆட்டக்காரர் என்ற பத்திரம், நுவரெலியாவில் ஆட்டம் சொல்லிக்கொடுக்கும் வேலை, இரண்டு அறை வீடு. அந்தோணிக்கு அந்த வீடுதான் கண்ணில் நின்றது. வீடு கிடைத்தால் மனைவி மேரி, வரிசை வீடான லயத்தின் ஒற்றைக் காம்பராவை விடலாம். மழையில் கொழுந்து எடுக்கப் போகவேண்டாம்.

ஆனால் அவனுடைய கால்விரல்களின் புகழ் அவனுக்கு முன்பே எல்லா மைதானங்களுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. அவன் பந்து தேயிலைப் பக்கம் திரும்பினாலே நாலு பேர் கூடவே ஓடினார்கள். அந்த ஐந்து வாரமும் மலைநாட்டில் எவனும் எவனையும் நம்பவில்லை. எதிராளிகளில் கெட்டிக்காரனான பண்டாரவளைக்காரன், அடுத்தவன் ஒரு மிடறு குடித்துக் காட்டாத தேத்தண்ணியைத் தொடவே மாட்டான்.

சந்தேகத்தை வேரோடு பிடுங்க, அந்தோணி கோயில் பாதரிடம் ஒரு சோடி கறுப்புப் பூட்ஸ் வாங்கிவந்தான். ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பம் குடியிருக்கலாம். உள்ளே பழைய பத்திரிகைகளைத் திணித்து, கயிற்றை மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டினான். "இனி என் விரலே என் பேச்சக் கேக்காது மச்சான். எவன் என்ன சொல்லுவான்?" தன் காலைக் கட்டிப்போட்டவன், அவனுக்குப் பை தூக்கிய என் காலை மறந்துவிட்டான். அந்தப் பிழையை நானும்தான் கவனிக்கவில்லை.

கடைசி வாரம், நுவரெலியா. கடைசிக் குழி, ஓடையைத் தாண்டி அடிக்கவேண்டிய, தூரம் குறைந்த குழி. மூன்று அடியில் முடித்தால் வீடு அந்தோணிக்கு, நான்கென்றால் சமம், ஐந்தென்றால் பண்டாரவளைக்காரனுக்கு. அன்று பனி எப்படியென்றால், வெட்டி அடுக்கினால் வட்டகொடை ஸ்டேஷன்வரை மதில் கட்டலாம். பனி நாளில் பை தூக்குகிறவன் குழிப் பக்கம் முன்னால் போய் நின்று, பந்து விழுந்த இடத்தைக் கூவிச் சொல்லவேண்டும் என்பது வழக்கம். போகும்போது, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "பயப்படாத மச்சான், என் கால் இருக்கு" என்று கண்ணடித்துவிட்டுப் போனேன்.

பனிக்குள் மட்டைச் சத்தம் கேட்டது. பிறகு புல்லில் ஒரு தட்டு. பிறகு 'ளொக்'. குனிந்து பார்த்தேன். பந்து குழிக்குள் இருந்தது. ஒரே அடி!

நான் கூவிய கூவலில் எல்லோரும் ஓடிவந்தார்கள். ஒருவர் முகத்திலும் சந்தோசம் இல்லை. நடுவராக இருந்த யாழ்ப்பாணத்துத் தபாலதிபர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டினார்.

"ஐசே, உம்மட காலை ஒருக்காக் காட்டும் பாப்பம்."

காட்டினேன். குந்தியிருந்து விரல் விரலாக விரித்துப் பார்த்தார்.

"இடுக்கில புல்லுக் கிடக்குது."

"பூட்ஸ் போடாத எல்லார் கால்லயும் புல்லுதாங்க சேர் இருக்கு."

யோசித்தார். "சாட்சி இல்லை. ஆடினவர் ஒப்புக்கொண்டு கையெழுத்து வைச்சால் ஒரு அடி. இல்லையெண்டால் திரும்ப அடிக்கட்டும்."

அந்தோணி என்னைப் பார்த்தான். "மாதா மேல சத்தியமா சொல்லு மச்சான். நீ தொடல?"

"மாதா மேல சத்தியமா தொடல."

சொன்னேன்; ஆனால் என் முகம் பிறந்ததிலிருந்தே சிரிப்பதற்குப் பழகிய முகம். அப்போதும் சிரித்துவிட்டது.

"வீட்டக் குடுத்தாலும் ஊரு என்னைய விரல்காரன்னுதான் சொல்லும்," என்றான். "நானும் சொல்லுவேன்." வேறு பந்தை எடுத்துக்கொண்டு திரும்ப அடிக்கப் போனான். அது ஓடைக்குள் போனது. ஐந்து.

அதற்குப் பிறகும் பத்து வருடத்துக்கு மேல் பை தூக்கினான். என்னோடு சிரித்தான், குடித்தான், என் மகள் ஞானஸ்நானத்துக்குக் கேக் கொண்டுவந்தான். அந்தக் குழியைப் பற்றிப் பேசவே இல்லை. பனி விழும் நாளில் மட்டும், "பனி எல்லாத்தையும் பாக்குது, சாட்சிதான் சொல்லாது" என்று என் காலைப் பார்ப்பான்.

அடக்கம் முடிந்ததும் சூசை என்னைத் தனியே கூப்பிட்டான். "அண்ணன் போன மாசம் ஒண்ணு சொல்லிச்சுண்ணே. ராசு எனக்காகத்தானே செஞ்சான், நான் எப்பவோ மன்னிச்சுட்டேன், அவன்கிட்ட சொல்லுன்னுச்சு."

செய்யாத குற்றத்துக்குக் கிடைத்த அந்த மன்னிப்பை வாங்கி வைத்திருக்கிறேன். குழிக்குள் விழுந்த அந்தப் பந்தும் என்னிடம்தான் இருக்கிறது.

மின்நிலையம் பொய். பூட்ஸில் குடும்பம் குடியிருக்கலாம் என்றது பொய். பனி மதிலும் பொய். ஒரு சின்னத் துண்டு மட்டும் உண்மை, மச்சான்: என் விரல் அதைத் தொடவில்லை. உன் பந்து தானாகத்தான் விழுந்தது.