வாளியில் சோதித்த தூண்டில்

செல்லப்பா ஹைதராபாத் ராமச்சந்திராபுரத்துத் தொழிற்சாலையில் வேலைக் காலம் முழுவதும் தரப் பரிசோதகராக இருந்தார். அவர் கையெழுத்துப் போடாமல் ஒரு வால்வுகூட வாசலைத் தாண்டாது என்று சொல்வார்கள். சொன்னவர்கள் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார்களா என்பது சந்தேகம். கம்பெனி பஸ்ஸில் அவர் பக்கத்து இருக்கை பெரும்பாலும் கடைசியில்தான் நிரம்பும்.

ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு நகரத்தின் மறுகோடிக்கு, லோத்குண்டாவுக்கு வந்தார். மகள் அனுபமா வீட்டுக்குப் பக்கம் என்பதற்காகவே அங்கே ஃபிளாட் வாங்கியிருந்தார். அவர் குடிவந்த சில மாதங்களில் மகளும் மருமகனும் பெங்களூருக்குப் போனார்கள். பிறகு பேரன் பிறந்தான். குழந்தையைப் பார்த்துக்கொள்ள மனைவி கல்பகம் போனாள். குழந்தை தவழட்டும் என்றாள், நடக்கட்டும் என்றாள்; இப்போது அவன் பள்ளிக்கூடம் போகிறான். யாரும் யாருடனும் சண்டை போடவில்லை. இப்படித்தான் பல வீடுகளில் ஒருவர் தனியாக மிஞ்சுகிறார். காரணம் கேட்டால் எடுத்துச் சொல்ல ஒன்றும் இருக்காது.

மருமகன் போகும்போது விட்டுப்போன சாமான்களில் பிரிக்காத அட்டைப்பெட்டி ஒன்று இருந்தது. உள்ளே ஒரு தூண்டில் ராடு, நூல் சுற்றும் ஒரு ரீல், லைன் எனப்படும் நூல் ஒரு சுருள், பிளாஸ்டிக் மீன்களும் ரப்பர் தவளைகளும் நிறைந்த ஒரு டப்பா. ஏதோ ஒரு வார இறுதி உற்சாகத்தில் வாங்கியவை. திருநெல்வேலி சைவ வீட்டில் பிறந்த செல்லப்பா மீனைத் தொட்டதுகூட இல்லை. ஆனால் ரீல் ஓர் இயந்திரம். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாலைக்குள் திருகுகளைக் கழற்றிச் செய்தித்தாளில் பரப்பிவிட்டார்.

மறுபடி பூட்டுவதற்காக யூடியூபைப் பார்க்கப் போய், அமெரிக்க ஏரிகளில் வாழும் பாஸ் என்ற மீனைத் தெரிந்துகொண்டார். அதைப் பிடிப்பதற்கென்றே ஓர் உலகம் இருந்தது. தெளிந்த தண்ணீருக்கு ஒரு நிறத்தில் பொய் இரை, கலங்கலுக்கு இன்னொரு நிறம். ராடின் நுனி எவ்வளவு வளைய வேண்டும், நைலான் லைன் எங்கே, பின்னிய லைன் எங்கே என்று ஆட்கள் மணிக்கணக்கில் பேசினார்கள். நம் பக்கத்துத் தண்ணீரில் பாஸ் கிடையாது. விரால் உண்டு, இங்கே கொர்ரமீனு என்பார்கள். அதுவும் பாஸைப் போலவே இலைகளுக்கு அடியில் பதுங்கி இருந்து பாயும். பாஸுக்குச் சொன்னதெல்லாம் விராலுக்கும் பொருந்தும் என்று செல்லப்பா முடிவு செய்தார்.

ரீலில் ஒரு வாஷரைப் பற்றிச் சந்தேகம் கேட்பதற்காக ஹைதராபாத் தூண்டில்காரர்களின் வாட்ஸப் குழுவில் சேர்ந்தார். சேர்ந்த வாரத்தில் யாரோ லைனைப் பற்றிக் கேட்டார்கள். பெட்டியில் எழுதியிருக்கும் பலத்தை நம்புவது செல்லப்பாவின் வழக்கமல்ல. பால்கனிக் கம்பியில் லைனைக் கட்டி, மறுமுனையில் ஒரு வாளியைத் தொங்கவிட்டு, அறுந்து விழும்வரை குவளை குவளையாகத் தண்ணீர் ஊற்றினார். முடிச்சு எங்கே நழுவுகிறது, லைன் எங்கே அறுகிறது என்று வீடியோ எடுத்துக் குழுவில் போட்டார். கீழ் வீட்டுக்காரர்கள் பால்கனியில் தண்ணீர் கொட்டுவதாகப் புகார் செய்தார்கள். குழுவிலோ கைதட்டும் படங்கள் வந்து குவிந்தன.

அதற்குப் பிறகு கேள்விகள் அவரைத் தேடி வந்தன. சார், காலையில் வெள்ளைத் தவளையா கறுப்பா? சார், ராடு எவ்வளவு நீளம்? சார், பின்னிய லைனுக்கு எந்த முடிச்சு? தோசை கருகினாலும் முதலில் பதில் அடித்தார். அந்த டப்பாவில் இல்லாத தவளைகளையும் வாங்கினார். கொக்கியின் கூர்மையை நகத்தில் வைத்துப் பார்த்து, தேறாதவற்றைத் திருப்பி அனுப்பினார். நீங்கள் எத்தனை மீன் பிடித்திருக்கிறீர்கள் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஒரு தடவைகூடத் தூண்டில் போட்டதில்லை என்பது தெரிந்தால் அந்தக் கேள்விகள் நின்றுவிடும். நின்றுவிட்டால் பொழுது விடிந்து அடைவதற்குள் அவரோடு பேச கல்பகத்தின் ஃபோனை விட்டால் வேறு யாரும் இல்லை. எவ்வளவு குறைவான பொருளின் மேல் ஒரு மனிதன் தன் நாளை நிறுத்திவைக்க முடியும் என்று பார்த்தால் வியப்பாகத்தான் இருக்கிறது.

கல்பகம் தினமும் ஃபோனில் கூப்பிடுவாள்.

"மீனே திங்காத வீட்டுல தூண்டில் எதுக்குங்கேன்? அனு கேட்டு அந்தச் சிரிப்பு சிரிக்கா."

"ஒரு ஆராய்ச்சி."

"ஆராய்ச்சியாம்! அந்த ரப்பர் தவளைய பூஜை அலமாரிப் பக்கம் கொண்டு வச்சிராதிய."

குழுவில் வெங்கட் என்றொருவன் இருந்தான். கோயம்புத்தூர்க்காரன், கணினிக் கம்பெனியில் வேலை. ராடு, லைன், தவளை எல்லாவற்றையும் செல்லப்பா சொன்னபடி வாங்கியவன். ஏரிக்குப் போகலாம் வாருங்கள் என்று அவன் கூப்பிட்டபோதெல்லாம் செல்லப்பா முழங்கால் வலி என்றார். பொய்யில்லை, வலி இருந்தது. அதற்காக வீட்டிலேயே கிடக்கும் அளவுக்கு இல்லை, அவ்வளவுதான். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அவன் காரோடு வாசலில் வந்து நின்றுவிட்டான்.

"ஏனுங் சார், உங்கள கூட்டிட்டு வராம வந்தா குரூப்புல என்னைய சேத்தமாட்டேன்னுட்டாங்க. மூட்டு வலின்னா சேர் போட்டு உக்கார வெக்கிறோம், வாங்க."

ஷாமிர்பேட்டைத் தாண்டி ஒரு செருவு, ஏரிக்கு அங்கே அதுதான் பெயர். மீனவர் சங்கத்தில் அனுமதி வாங்கியிருந்தார்கள். பாதித் தண்ணீரை ஆகாயத்தாமரையும் அல்லி இலைகளும் மூடியிருந்தன. ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். "செல்லப்பா சார் ஆகயா!" வந்துவிட்டார் என்று ஒருவன் இந்தியில் கத்தினான், எல்லோரும் கை குலுக்கினார்கள். மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து வளர்ந்த ஹர்ஷிதா, பல் டாக்டர், ஃபிளாஸ்கிலிருந்து அவருக்கு டீ ஊற்றிக் கொடுத்தாள்.

"சார், உங்க வாளி வீடியோவ என் கிளினிக்குல எல்லாருக்கும் காட்னேன். எங்க நர்ஸு கேக்குறா, இவரு பைப்பு ரிப்பேர்காரரான்னு."

எல்லோரும் சிரித்தார்கள். செல்லப்பாவும் சிரித்தார்.

பிறகு நடந்ததை அவர் எதிர்பார்க்கவில்லை. டீ முடிந்ததும் ஒவ்வொருவரும் கரையில் ஓர் இடம் பிடித்துக்கொண்டு, ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்காத தூரத்தில், முதுகைக் காட்டி நின்றார்கள். செல்லப்பா ராடை எடுத்தார். தவளையைக் கட்டினார். முடிச்சை நறுக்கிவிட்டு மறுபடி கட்டினார். மறுபடி நறுக்கினார். வீசத் தெரியாதது வெளிப்பட்டுவிடும் என்று எத்தனையோ வாரங்கள் பயந்திருந்தார். இப்போது அவர் வீசுகிறாரா இல்லையா என்று திரும்பிப் பார்க்கக்கூட ஆளில்லை. கூட்டத்தோடு வந்து சேர்ந்த இடத்தில், பால்கனியில் நின்றதைவிடத் தனியாக நின்றார்.

அப்போது வெங்கட் அலறினான். "சார்! சார்! மாட்டிருச்சுங்க சார்!"

இலைப்பரப்பு வெடித்ததுபோல் கிழிந்திருந்தது. வெங்கட்டின் ராடு வில்லாக வளைந்தது. ரீல் கிர்ரென்று சத்தமிட, லைன் வெளியே போய்க்கொண்டே இருந்தது. மீன் ஆகாயத்தாமரைக்குள் நுழைந்தது. லைன் அசையாமல் நின்றது. வெங்கட் இழுத்தான், தளர்த்தினான், இடம் மாறி நின்று இழுத்தான். கடைசியில் ஒரு கொத்து வேரோடு தவளை மட்டும் திரும்பி வந்தது.

எல்லோரும் ஓடி வந்துவிட்டார்கள்.

"என்னங்க சார் இது," வெங்கட்டுக்கு அழுகை வரும்போல இருந்தது. "நான் சுத்தச் சுத்த அது போயிட்டே இருக்குது. கவுத்தோட கன்னுக்குட்டி ஓடுற மாதிரி."

ஹர்ஷிதா அவன் ரீலிலிருந்து லைனைக் கையால் இழுத்துப் பார்த்தாள். சுலபமாக வந்தது. மீன் இழுக்கும்போது எவ்வளவு பலத்துக்கு லைனை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று ரீலில் ஒரு பிடியைத் திருகி வைப்பார்கள். வெங்கட்டின் பிடி தளர்ந்திருந்தது.

"அரே, கைக்கு இவ்ளோ லூஸா வெச்சிருக்கீங்க?"

"சார்தான் சொன்னாருங்க. லைன் தாங்குறதுல மூணுல ஒரு பங்குன்னு."

"நக்கோ நக்கோ. இங்க அது ஆகாது. இலைக்குள்ள போய்ட்சுன்னா முடிஞ்சுது. ஃபுல்லா டைட் பண்ணி, அடிச்ச உடனே வெளிய இழுத்துடணும்." அவள் செல்லப்பாவிடம் திரும்பினாள். கேலி இல்லை, உண்மையாகவே கேட்டாள். "சார், இந்த மாதிரி செருவுல நீங்க எப்படி வெப்பீங்க?"

மூன்றில் ஒரு பங்கு. திறந்த தண்ணீரில் பாஸ் பிடிக்கிறவர்கள் சொன்ன கணக்கு. தொழிற்சாலையில் அவர் ஆயுள் முழுக்கப் போட்ட கணக்கும் அதுதான்: எது எவ்வளவு தாங்குமோ அதற்கு வெகு கீழே நிறுத்து, உடையாது. உடையவில்லை, மீன்தான் போய்விட்டது. இலைகள் அந்தக் கணக்கில் இல்லை. பால்கனியில் இலைகள் இல்லை.

கொக்கி மழுங்கல் என்று சொல்லலாம். ராடு இளக்கம் என்று சொல்லலாம். அவர் சொன்னால் நம்புவார்கள். ஆனால் தவறிய சாமானுக்குச் சப்ளையர்கள் சொன்ன சாக்குகளை அவர் நிறையக் கேட்டிருந்தார்.

"நான் வச்சதே இல்லம்மா," என்றார். "இதுவரைக்கும் ஒரு தடவகூட நான் தூண்டில் போட்டதில்ல. எல்லாம் வீட்டுல வாளியக் கட்டித் தொங்கவிட்டுப் பாத்ததுதான். மத்தது படிச்சது."

"சும்மா சொல்றீங்க," என்றான் வெங்கட்.

"இல்லப்பா."

"அப்ப என்ற ராடு?"

"படிச்சுத்தான் சொன்னேன்."

"தவளை?"

"அதும்தான்."

வெங்கட் கையிலிருந்த தவளையைப் பார்த்தான். "தவளை கரெக்டுங்க சார். அதத்தானே கடிச்சுது."

"ஹவ், ஆமா, தவள கரெக்ட்தான்," என்றாள் ஹர்ஷிதா. பின்னால் ஒருவன், சார் தண்ணீரில் இறங்காமலே நீச்சல் கற்றுக்கொடுத்திருக்கிறார் என்று இந்தியில் சொன்னான். கொஞ்சம் சிரித்தார்கள். பிறகு வெயில் ஏறுகிறது என்று அவரவர் இடத்துக்குப் போனார்கள். அவரைத் திட்ட ஒருவருக்கும் நேரமில்லை. திரும்பும் வழியில் வெங்கட் வீடுவரை மேம்பாலத்தையும் போக்குவரத்தையும் பற்றியே மரியாதையாகப் பேசிவந்தான்.

குழு அவரை நீக்கவில்லை. பண்டிகை வாழ்த்துகள் அவருக்கும் வந்தன. கேள்விகள்தான் ஹர்ஷிதாவிடம் போயின. தவளையின் நிறத்தைக்கூட அவளிடம் கேட்டார்கள். அவர் சொன்னவற்றில் தவறியது ஒன்றுதானே என்று வாதாடலாம். ஆனால் ஒரு பெட்டியில் நாலைந்து போல்டு தவறியதற்காகப் பெட்டி முழுவதையும் திருப்பி அனுப்பியவர் அவர். இப்போது தன்னைத் திருப்பி அனுப்பியவர்களோடு அவருக்கு வழக்கு இருக்கவில்லை. மேஜைமேல் ஃபோன் ஒளிரும்போது மட்டும் கை தானாகப் போனது.

ஒரு காலை அவர் ராடை எடுத்துக்கொண்டு ஆட்டோ பிடித்தார். அந்தச் செருவுக்குப் போகவில்லை. பிரதான சாலையிலிருந்து விலகி, வழியில் கண்ணில் பட்ட ஒரு சின்னக் குட்டை அருகே இறங்கினார். எருமை குளிப்பாட்டிக்கொண்டிருந்த ஒருவரிடம் இங்கே தூண்டில் போடலாமா என்று கேட்டார். "வேஸ்கோண்டி," என்றார் அவர், போட்டுக்கொள்ளும் என்று.

முதல் வீச்சில் ரீல் லைனைவிட வேகமாகச் சுழன்று, லைன் குருவிக்கூடாகச் சிக்கிக்கொண்டது. இதையும் படித்திருந்தார். படித்ததில் விரல்களுக்கு வேலை இருக்கவில்லை. கல்லில் உட்கார்ந்து இழை இழையாகப் பிரித்தார். அடுத்த வீச்சில் தவளை காலடியில் விழுந்தது. அதற்கடுத்தது மரத்தில். இப்படியே சில காலைகள் போயின. பிடியை இறுக்கித் திருகி வைத்திருந்தார். அதற்கு எதிராக இழுக்க ஒன்றும் வரவில்லை.

பிறகு ஒரு காலை, தவளை அல்லி இலையின் ஓரத்தைக் கடந்தபோது, தண்ணீர் வாய் திறந்ததுபோல் இருந்தது. சத்தம் அவர் நெஞ்சில் கேட்டது. அனிச்சையாக இழுத்தார். தவளை பறந்து வந்து தோளில் அடித்து விழுந்தது. மீன் வாயை மூடும்வரை காத்திருக்க வேண்டும் என்று இந்த மனிதர் எத்தனை பேருக்கு எழுதியிருப்பார்! இலைகள் ஆடிக்கொண்டிருந்தன.

இதை யாரிடமாவது சொல்ல வேண்டும். கல்பகத்தைக் கூப்பிட்டார்.

"மீன் வந்துது."

"வந்து?"

"போயிட்டு."

"போனா போட்டும். ஏல, வாயத் தொற, இன்னும் ஒரு வாய்தான்... உங்களுக்கில்ல, இவனுக்குச் சொல்லுதேன். நீங்க காப்பி குடிச்சியளா? ஸ்கூல் வேன் வந்துட்டு, பொறவு கூப்பிடுதேன்."

ஃபோனைப் பார்த்தபடி நின்றார். பிறகு குழுவைத் திறந்து எழுதினார்: 'இன்று காலை ஒரு விரால் தவளையை அடித்தது. நான் அவசரப்பட்டு இழுத்தேன். தப்பிவிட்டது.' ஆலோசனை எதுவும் இல்லாமல் அவர் அங்கே எழுதிய முதல் செய்தி.

ஹர்ஷிதாவிடமிருந்து உடனே வந்தது. 'சூப்பர் சார். எந்த இடம்?'

அடுத்தது வெங்கட். 'சார், லொகேஷன் போடுங்க. ஞாயித்துக்கிழமை எல்லாரும் வந்தர்றோம்.'

இத்தனை வாரம் இல்லாமல் இருந்தது இதுதான், ஒரு கேள்வி. பதிலும் இருந்தது, அவர் ஒருவரிடம் மட்டுமே. ஆட்டோ திரும்பிய முனையிலிருந்து எழுதத் தொடங்கினார். பாதியில் தலையை நிமிர்த்திப் பார்த்தார். ஏழெட்டுப் பேர் நிற்க இந்தக் கரையில் இடமில்லை. அல்லி இலையின் ஓரத்தில் ஒரு குமிழி வந்து உடைந்தது. மீன் இன்னும் அங்கேதான் இருந்தது.

எழுதியதை ஒவ்வோர் எழுத்தாக அழித்தார். ஃபோனைப் பைக்குள் வைத்தார். பைக்குள் அது மறுபடி ஒலித்தது, இன்னொரு முறையும் ஒலித்தது. அவர் தண்ணீருக்கு இன்னும் ஓரடி கிட்டே போய், முதுகுக்குப் பின்னால் யாரும் இல்லாத அந்தக் கரையில், தவளையை வீசினார்.