அம்சவேணி ஒட்டிய காதுகள்

அம்சவேணி ஒரு பிடிவாதக்காரி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் யாரும் என்னைக் குறை சொல்லக் கூடாது. டெல்லியில், போகல் என்ற பகுதியில், ஓவியங்களுக்குச் சட்டம் போடும் கடையொன்றில் பன்னிரண்டு வருஷமாக வேலை பார்க்கிறாள். மதராசி கேம்ப் என்ற தமிழர் குடிசைப்பகுதியில் இருந்தவரை கடைக்குப் பத்து நிமிஷ நடை. கேம்பை இடித்த பிறகு வீடு ஊரின் வடக்கு ஓரத்து நரேலாவுக்குப் போய்விட்டது. இப்போது பஸ், மெட்ரோ, மறுபடி பஸ் என்று மாறி மாறி வருகிறாள். ஆனாலும் ஷட்டர் தூக்கும்போது வாசலில் நிற்பது அவள்தான். ஏன் இந்த அவசரம் என்று கேட்டால், பசை காய்ச்ச வேண்டாமா என்பாள்.

அந்தப் பசையால்தான் அவள் தலையெழுத்தே மாறியது. கடை பெருக்க வந்தவள் அவள். பழைய ஓவியங்களைப் பழுதுபார்க்கிற நிபுணர் ஒருவர் ஒருமுறை இரண்டு நாள் வந்து, கோதுமை மாவுச்சத்தைக் கரைத்துப் பசை காய்ச்சச் சொல்லிக்கொடுத்தார். கடையின் ஆண்பிள்ளைகள் மூன்று பேர் முயன்று மூன்று பாத்திரத்தை அடிப்பிடிக்க வைத்தார்கள். அம்சவேணி துடைப்பத்தை ஓரமாகச் சாத்திவிட்டு வந்து, கூழ் கிளறிப் பழகிய கையால் கிளறினாள். கட்டியில்லாமல், கண்ணாடி மாதிரி வந்தது. அன்றிலிருந்து அவள் அந்தத் துடைப்பத்தைத் தொடவில்லை.

அவள் செய்வது என்ன வேலை என்றால், பெரிய தடித்த காகிதத்தில் வரைந்த ஓவியத்தை நாலு ஓரமும் தெரிய, சட்டத்துக்குள் மிதப்பதுபோல நிறுத்துவது. ஓவியத்தைவிடச் சின்னதாக ஓர் அட்டை பின்னால் மறைந்து நின்று அதைத் தூக்கிக் கொடுக்கும். ஓவியத்தின் முதுகில் மெல்லிய ஜப்பான் காகிதக் கீற்றுகளை ஒட்டி, அட்டையில் கீறிய துளைகள் வழியே பின்பக்கம் இழுத்து ஒட்டுவாள். அந்தக் கீற்றுகளுக்கு அவள் வைத்த பெயர் காது. முழு முதுகிலும் பசை தடவினால் வேலை சீக்கிரம் முடியும்தான். ஆனால் மே மாதத்தில் சுருங்கி ஜூலை மழையில் உப்புகிற காகிதம் அசைய இடமில்லாமல் கோணிக்கொள்ளும். காதுகளில் தொங்கினால் அது தன்பாட்டுக்கு மூச்சுவிட்டுக்கொண்டு இருக்கும்.

போன ஆகஸ்டில் மயூர் விஹாரிலிருந்து மேதா என்ற ஓவியர் ஒரு படம் கொண்டுவந்தார். ஆளுயரத்துக்கும் மேலே, கையால் செய்த கனமான பருத்திக் காகிதம், அதில் கறுப்பு மையும் காவியும். நாலு மாத உழைப்பு. அவருடைய முதல் கண்காட்சியில் நடுச்சுவர் அதற்குத்தான். இரண்டு பேர் சேர்ந்து பிடித்தால்தான் தூக்க முடிந்தது.

கடை முதலாளி ஜெயகிருஷ்ணன் டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவர், பாதித் தமிழ் பாதி இந்தி. படத்தின் கனத்தைப் பார்த்ததும் அவருக்கு வியர்த்துவிட்டது.

"அக்கா, இது பஹுத் ஹெவி. துணி டேப் போட்டு டைட்டா பிடிச்சிடுங்க. உங்க டிஷ்யூ பேப்பர் தாங்காது."

"தாங்கும் சார். டேப்தான் வேணாம். கீழ விழுந்தா டேப் விடாது, படம்தான் கிழியும். காது எப்பவும் படத்தை விட நோஞ்சானாதான் இருக்கணும்."

அவள் சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. டேப் போட்ட ஒரு பழைய வரைபடம், சட்டத்தோடு விழுந்து கடைக்கு வந்ததைப் பார்த்திருக்கிறாள். டேப் கெட்டியாக இருந்தது, வரைபடத்தின் மூலைதான் டேப்போடு பிய்ந்து வந்திருந்தது. ஜெயகிருஷ்ணனுக்கு இதெல்லாம் காதில் ஏறவில்லை. படத்துக்கு ஏதாவது ஆனால் மறுநாளிலிருந்து கடைப்பக்கம் வர வேண்டாம் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்.

அம்சவேணியின் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. கணவர் பரமசிவம் முதுகுவலியோடு வீட்டில். நரேலாவில் அவளுக்கு யார் வேலை வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள்? சரி சார் என்று டேப்பை எடுத்திருந்தால் ஒரு பேச்சு கிடையாது. எடுத்தாளா என்றால், இல்லை. இருபத்திரண்டு காதுகள் ஒட்டினாள், ஒவ்வொன்றையும் கனம் வைத்துக் காயவிட்டாள், சட்டத்தை ஒரு நாள் முழுக்கச் சுவரோரம் நிமிர்த்தி வைத்துப் பார்த்தாள். படம் இம்மி அசையவில்லை. அதன் நிழல் சட்டத்தின் பின்பலகையில் மெல்லிய கோடாக விழுந்ததைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றாள்.

கண்காட்சி தொடங்கும் நாள் காலையில் கண்காட்சிக் கூடத்திலிருந்து போன் வந்தது. மாட்டியிருந்த கம்பி அறுந்து சட்டம் தரையில் விழுந்திருந்தது. கூடவே ஒரு போட்டோ. முன்பக்க அக்ரிலிக் கண்ணாடிக்கு ஒன்றுமில்லை, உள்ளே படம் ஒருபக்கமாகச் சரிந்து கோணலாகத் தொங்கியது. ஜெயகிருஷ்ணன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அம்சவேணியையும் ஏற்றிக்கொண்டு ஆட்டோவில் கிளம்பினார். அவள் மடியில் சாப்பாட்டு டப்பா இருந்தது. உள்ளே காலையில் காய்ச்சிய பசை.

மேதா தரையில் உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தைப் பார்க்கவே அம்சவேணிக்குத் தைரியமில்லை. சட்டத்தைக் குப்புறப் படுக்கவைத்துப் பின்பக்கத்தைப் பிரித்தார்கள். ஒன்பது காதுகள் கிழிந்திருந்தன.

"பாத்தீங்களா அக்கா? நான் அன்னிக்கே சொன்னேன்," என்றார் ஜெயகிருஷ்ணன்.

அம்சவேணி காதுகளைப் பார்க்கவேயில்லை. மீதிக் காதுகளில் தண்ணீர் தொட்டுப் பசையை இளக்கி, படத்தை விடுவித்து வெள்ளைத்தாள் மேல் கிடத்தினாள். கையைத் துடைத்துக்கொண்டு, விரல் நுனியால் ஓரத்தைத் தடவியபடி மெதுவாக நகர்ந்தாள். மேலே, வலது, கீழே, இடது. மேதாவும் எழுந்து வந்து கூடவே குனிந்து பார்த்தார். ஒரு கீறல் இல்லை. ஒரு இழை பிரியவில்லை. மேதா வாயைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டார்.

"கிழிய வேண்டியதுதான் கிழிஞ்சிருக்கு மேடம். உங்களுது அப்படியே இருக்கு," என்றாள் அம்சவேணி. மூன்று நாளாக அவள் சரியாகச் சாப்பிடவில்லை என்பது அங்கே யாருக்குத் தெரியும்.

பிறகு டப்பாவைத் திறந்தாள். புதுக் கீற்றுகள் கேட்டு ஜெயகிருஷ்ணன் பக்கம் கையை நீட்டினாள். அவர் பையைத் துழாவியபோது துணி டேப் உருளை ஒன்று வெளியே தலைகாட்டியது. அவசரமாக உள்ளே தள்ளிவிட்டுக் கீற்றுகளை எடுத்துக் கொடுத்தார். அவள் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தாள். மாலையில் விருந்தாளிகள் வரும்போது படம் நடுச்சுவரில், புதுக் கம்பியில் நின்றது.

அடுத்த வாரம் கடைக்கு அதே அளவில் இன்னொரு படம் வந்தது. அம்சவேணி ஒட்டி முடித்த பிறகு ஜெயகிருஷ்ணன் பின்பக்கம் குனிந்து காதுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நிமிர்ந்தார்.

"அக்கா, இதெல்லாம் விழுந்தா கிழிஞ்சிடும்ல?"

"கிழிஞ்சிடும் சார்."

"அச்சா," என்றார். "அப்போ அனுப்பிடலாம்."