லேபிளை மாற்றியவர்

மருத்துவமனையில் அவருக்கு வைத்திருந்த பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. ரத்த வங்கியில் பத்தொன்பது வருடமாகப் பரிசோதகர். ரத்த மாதிரி இருக்கும் கண்ணாடிக் குழாய் ஒன்றைக் கையில் எடுத்தால் லேபிளில் இருக்கும் பெயரை ஒரு முறை வாசிப்பார். வார்டிலிருந்து வந்த சீட்டோடு ஒப்பிட்டு இன்னொரு முறை வாசிப்பார். ரேக்கில் வைக்கும்போது உதட்டை அசைத்து மூன்றாம் முறையும் வாசிப்பார். வார்டிலிருந்து ரத்தம் வாங்க வந்தவர்கள் கால் மாற்றிக் கால் மாற்றி நின்று அலுத்துப்போவார்கள்.

"அக்கா பையைக் கையில குடுக்கறதுக்குள்ள நோயாளிக்குத் தானாவே ரத்தம் ஊறிடும்" என்று கிண்டல் செய்வார்கள்.

"ஊறட்டும். தப்பான ரத்தம் ஏறுறதுக்கு அது தேவலை" என்பார் அக்கா, குழாயிலிருந்து கண்ணை எடுக்காமலே.

அப்படிப்பட்டவர் ஒரு வியாழக்கிழமை மதியம் சறுக்கினார்.

எலும்பு முறிவு வார்டிலிருந்து இரண்டு குழாய்கள் ஒன்றாக வந்தன. ஒன்று, ஏணியிலிருந்து விழுந்து தொடையெலும்பை முறித்துக்கொண்ட பெயிண்டருடையது. மற்றது, இடுப்பெலும்பு உடைந்து மறுநாள் அறுவைக்குக் காத்திருந்த தபால்காரருடையது. இரண்டையும் எடுத்து அனுப்பியவள் வேலைக்குச் சேர்ந்து எட்டே மாதமான ஒரு நர்ஸ். அவளை எல்லாரும் சின்ன சிஸ்டர் என்பார்கள். அன்று நான்கு மணிக்கு அக்கா போகும் கிறிஸ்தவ சபையில் பெண்கள் கூட்டம். அக்காதான் பேச வேண்டும். குறிப்பெழுதிய தாள் கோட்டுப் பையில் மடங்கிக் கிடந்தது. மனசு முழுக்க அதில்தான். இரண்டு ரத்தப் பிரிவுகளையும் சரியாகவே கண்டுபிடித்தார். பதிவேட்டில் எழுதும்போது மாற்றி எழுதிவிட்டார். கொடுக்கப்போகும் ரத்தத்தை நோயாளியின் ரத்தத்தோடு கலந்து பார்க்கும் கடைசிச் சோதனை ஒன்று உண்டு. அதைச் செய்திருந்தால் தவறு அங்கேயே பிடிபட்டிருக்கும். மணி மூன்றைத் தாண்டியிருந்தது. செய்யாமலே, செய்ததாகக் கையெழுத்துப் போட்டார்.

பெயிண்டருக்கான பை வார்டுக்குப் போயிற்று. மூன்றே முக்காலுக்குக் கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது.

"பெயிண்டருக்குக் குளிர் தூக்கித் தூக்கிப் போடுது. இடுப்பு வலின்னு கத்தறார். ரத்தத்தை நிறுத்திட்டோம். அந்த சாம்பிளைத் திரும்பப் பாருங்க, நான் கீழே வர்றேன்" என்றார் பணி மருத்துவர்.

அக்கா பார்த்தார். பெயிண்டரின் குழாய் சொன்னது ஒன்று, பதிவேடு சொன்னது வேறொன்று. மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. குழாய்களில் லேபிள்கள் அன்று ஒட்டியவை, பசை இன்னும் இறுகவில்லை. நகத்தால் கீறினால் உரிந்து வந்துவிடும். உரிந்து வந்தன. இதை அதிலும் அதை இதிலும் ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார்.

மருத்துவர் கதவைத் திறந்தபோது அக்காவின் குரல் நிதானமாக இருந்தது. "டாக்டர், குழாய் ரெண்டும் மாறி வந்திருக்கு. வார்டுலயே மாத்தி எடுத்திருக்காங்க."

நம்பாமல் இருக்க அவருக்கு ஒரு காரணமும் இல்லை. சொன்னது பூதக்கண்ணாடி ஆயிற்றே.

பெயிண்டரின் சிறுநீரகம் நின்றுபோனது. பதினோரு நாள் ரத்தத்தைச் சுத்திகரிக்கும் இயந்திரத்தோடு கட்டிப்போட்டு வைத்திருந்தார்கள். பிழைத்தார். சின்ன சிஸ்டரைப் பணியிடை நீக்கம் செய்தார்கள். மூன்று வாரத்தில் விசாரணை என்று தேதி குறித்தார்கள். சாட்சிப் பட்டியலில் முதல் பெயர் அக்காவுடையது.

அந்த மூன்று வாரமும் அவர் ஜெபித்ததைப் போல வாழ்நாளில் ஜெபித்ததில்லை. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். மூன்று நாள் உபவாசம் இருந்தார். "அக்காவோட முகத்துல என்ன ஒரு தேஜஸ்!" என்று பெண்கள் கூட்டத்தில் பேசிக்கொண்டார்கள், பட்டினியில் கன்னம் ஒட்டியதைத்தான் அப்படிச் சொன்னார்கள். தினமும் வேலை முடிந்து பெயிண்டரின் கட்டிலுக்குப் போய் அவர் மனைவியிடம் பழமும் சுடுதண்ணீரும் கொடுத்துவிட்டு வந்தார். ஒரு நாள் அந்தப் பெண் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "அந்த நர்ஸு நாசமாப் போவா. ஆனா உங்கள மாதிரி நல்லவங்களும் இருக்காங்களேம்மா." அக்கா கையை உருவிக்கொண்டு வராந்தாவுக்கு ஓடி, சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார்.

கணவர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். அவருக்கு எதையும் தன் தொழிலை வைத்துத்தான் சொல்ல வரும். "வெளியே சில்லுன்னு இருக்கே. உள்ளே மோட்டார் நிக்காம ஓடுது. என்ன விஷயம்?" என்று இரண்டு முறை கேட்டார். தலைவலி என்று மழுப்பினார் அக்கா.

விசாரணைக்கு முந்தின நாள் மாலை சபைக்குப் போனார். போதகர் தனியாக நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது; அக்காவைவிட இருபது வயது இளையவர். பிரசங்கத்தில் சொல் தடுமாறினால் காது சிவந்துவிடும். அக்கா உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினார். போதகர் கையில் பிடித்திருந்த நாற்காலியைக் கீழே வைக்கவும் மறந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"தேவன்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன் பாஸ்டர். இருபது நாளா அழறேன். அவர் மன்னிச்சிட்டார்தானே? அது போதும்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

போதகரின் காது சிவந்தது. நாற்காலியை வைத்துவிட்டு அதிலேயே உட்கார்ந்தார்.

"அக்கா, எனக்குப் பயமா இருக்கு. தப்பா ஏதும் சொல்லிடக் கூடாதேன்னு" என்றார். "ஒருத்தர் ஊருக்குப் போக பஸ் ஏறிட்டாரு. பாதி வழியில தப்பான பஸ்னு தெரிஞ்சுபோச்சு. ஜன்னலோரமா உட்கார்ந்து அழு அழுன்னு அழறாரு. ஆனா இறங்கல. பஸ் போயிட்டேதான் இருக்கு. நீங்க அழறீங்கக்கா. நிஜமாத்தான் அழறீங்க. ஆனா இன்னும் இறங்கல. மனந்திரும்புறதுங்கற சொல்லுலயே திரும்புறதுன்னு இருக்கு."

"அப்போ நாளைக்குப் போய்ச் சொன்னாதான் மன்னிப்பாரா? சொல்லலைன்னா இல்லையா? அப்போ அதுவும் ஒரு விலைதானே?" அக்காவின் குரல் உயர்ந்தது. "நான் பழம் வாங்கிக் குடுத்தேனே, உபவாசம் இருந்தேனே, அது மாதிரி?"

"இல்லக்கா." முதன்முறையாக அவர் குரலில் தடுமாற்றம் இல்லை. "விலையை அவர் சிலுவையில குடுத்துட்டாரு. நீங்க குடுக்க ஒண்ணும் பாக்கி இல்ல. நாம நல்லவங்க ஆனப்புறம் வந்து சேத்துக்கறேன்னு அவர் சொல்லல. கெட்டுக் கிடக்கறப்பவே வந்தாரு. அதுதான் நற்செய்தி. நீங்க பழம் குடுத்தது, உபவாசம் இருந்தது எல்லாம் நல்லவங்கற பேரைக் காப்பாத்திக்க. அந்தப் பேரு போனாலும் அவர் உங்கள விடமாட்டாரு. அது நிஜம்னு நம்பினா, நாளைக்கு வாயைத் திறக்கலாம். நம்பலன்னா முடியாது. சொல்றதால மன்னிப்பு வராதுக்கா. மன்னிப்பு இருக்கறதாலதான் சொல்ல முடியும்."

அக்காவுக்குக் கோபம்தான் வந்தது. இவனுக்கென்ன தெரியும், இவன் வேலையா போகப்போகிறது என்று நினைத்துக்கொண்டே வீடு வந்தார். ஆனால் செருப்பைக் கழற்றும்போதே கணவரிடம் சொல்லிவிட்டார்.

கணவர் கழற்றிப் போட்டிருந்த கம்ப்ரஸரின் திருகாணி ஒன்றை எடுத்து விரலில் உருட்டினார். "வேலை போயிடும். போலீசு கேசுகூட ஆகலாம்."

"ஆகலாம்."

"சொல்லாதன்னு சொல்லத்தான் வாய் வருது." திருகாணியைத் தரையில் வைத்தார். "சொல்லாதன்னு நான் சொல்லிட்டா, அப்புறம் தினமும் உன் மூஞ்சிய நான் எப்படிப் பார்ப்பேன்? போய்ச் சொல்லு."

மறுநாள் பதினோரு மணிக்கு விசாரணை. கண்காணிப்பாளரின் அறைக்கு வெளியே ஒரு பெஞ்சு. அதன் ஒரு ஓரத்தில் சின்ன சிஸ்டர் உட்கார்ந்திருந்தாள். மூன்று வாரத்தில் பாதியாக இளைத்திருந்தாள். மடியில் ஒரு கவர். அக்கா மறு ஓரத்தில் உட்கார்ந்தார்.

"அக்கா" என்றாள் அவளே. "நான் ரெண்டு பேர்கிட்டயும் பேரைக் கேட்டுத்தான் எடுத்தேன். அப்படித்தான் ஞாபகம் இருக்கு. ஆனா நீங்களே மாறி வந்ததுன்னு சொல்லிட்டீங்க. உங்க கண்ணு தப்பாது. அப்போ என் ஞாபகம்தான் தப்பு." கவரைத் தடவினாள். "தப்பை ஒத்துக்கிட்டா தண்டனை குறையும்னு மேட்ரன் சொன்னாங்க. எழுதிட்டு வந்துட்டேன்."

ஒரு பெண்ணின் வேலையைத்தான் பறித்தோம் என்று அக்கா நினைத்திருந்தார். அவளுடைய ஞாபகத்தையே பறித்திருந்தார். இப்போது சொல்லிவிடலாம் என்று வாயெடுப்பதற்குள் கதவு திறந்தது. "சிஸ்டர் மட்டும் வாங்க" என்றார் உதவியாளர். அவள் போனாள். கதவு சாத்திக்கொண்டது.

உள்ளே நாற்காலி இழுபடும் சத்தம். யாரோ இருமினார்கள். கவர் கைமாறிக்கொண்டிருக்கும். அவர்கள் அதை ஏற்றுக்கொண்டுவிட்டால் சாட்சியே தேவைப்படாது. வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிடுவார்கள். அந்த எண்ணத்தில் ஒரு கணம் உடம்பே லேசாயிற்று. அந்த லேசுதான் அவருக்குக் கிலியூட்டியது. பஸ் இன்னும் போய்க்கொண்டேதான் இருந்தது.

"இயேசுவே, என்னைப் பிடிச்சுக்கோ" என்று முணுமுணுத்தபடி எழுந்தார். உதவியாளர் தடுக்க நீட்டிய கையை விலக்கிவிட்டுக் கதவைத் தள்ளினார்.

மேசைக்குப் பின்னால் மூன்று பேர். கண்காணிப்பாளரின் கையில் பிரித்த கடிதம்.

"உங்களை இன்னும் கூப்பிடலையே."

"அதை வாங்காதீங்க சார். அவ எழுதினது பொய். பொய்னு அவளுக்கே தெரியாது." மூச்சு வாங்கியது. "குழாய் மாறி வரல. நான்தான் பதிவேட்டில மாத்தி எழுதினேன். கடைசிச் சோதனையைச் செய்யாமலே கையெழுத்துப் போட்டேன். டாக்டர் படியிறங்கறதுக்குள்ள ரெண்டு லேபிளையும் உரிச்சு மாத்தி ஒட்டினேன். குழாயை எடுத்து வெளிச்சத்துல பாருங்க. உரிச்ச காகிதம் ஓரத்துல கொஞ்சம் ஒட்டிட்டிருக்கும்."

கண்காணிப்பாளர் கடிதத்தை மேசையில் வைத்தார்.

"என்ன பேசறீங்கன்னு தெரிஞ்சுதான் பேசறீங்களா?" என்றார் கண்காணிப்பாளர் மெதுவாக.

"இப்பதான் சார் தெரிஞ்சு பேசறேன்."

சின்ன சிஸ்டர் திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் நிம்மதியைத்தான் பார்ப்போம் என்று அக்கா நினைத்திருந்தார். அப்படி இல்லை. "எனக்குப் பைத்தியம் பிடிச்சிடுச்சோன்னு பயந்துட்டு இருந்தேன்" என்று கத்தினாள் அவள். "மூணு வாரம்! என் அம்மாகூட என்னை நம்பல!" அழுதுகொண்டே அக்காவின் தோளை இடித்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

குழாயின் ஓரத்தில் காகிதம் ஒட்டியிருந்தது. அக்காவின் வேலை அன்றே போயிற்று. உரிமத்தை ரத்து செய்தார்கள். வழக்கு ஒரு வருடம் இழுத்து, ஜெயில் இல்லாமல் அபராதத்தோடு முடிந்தது. பெண்கள் கூட்டத்தில் பாதிப் பேர் அவரைக் கண்டால் எழுந்து வேறு வரிசைக்குப் போனார்கள். பெயிண்டரின் வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது அவர் மனைவி வாசற்கதவை முகத்திலேயே அறைந்து சாத்தினாள். பெயிண்டர் ஜன்னல் வழியாக, "இன்னொரு நாள் வாங்க. அவளுக்குக் கொஞ்சம் ஆறட்டும்" என்றார். அக்கா மூன்று முறை போனார். மூன்றாம் முறை கதவு திறந்தது. அவ்வளவுதான்; உட்காரச் சொல்லவில்லை.

ஆனாலும் அவர் இரவில் தூங்கினார். கணவரின் பட்டறையில் ரசீது எழுதி, உதிரிப் பாகங்களைத் துடைத்து அடுக்கினார். பெண்கள் கூட்டத்தில் பேச அவரை யாரும் கூப்பிடவில்லை. பின்வரிசையில் உட்கார்ந்து, முதன்முறையாகக் கேட்பதைப் போலக் கேட்டார். தனக்குத்தான் சொல்கிறார்கள் என்று இப்போது தெரிந்தது.

ஒன்றரை வருடம் கழித்து ஒரு காலை, பேருந்தில் பக்கத்து இருக்கையில் சின்ன சிஸ்டர் வந்து உட்கார்ந்தாள். தற்செயல்தான். வேறு இடம் காலியாக இல்லை. இரண்டு நிறுத்தங்கள் கடந்தன.

"உங்கள நான் இன்னும் மன்னிக்கல" என்றாள், நேரே பார்த்தபடி.

"தெரியும்மா. நான் கேட்கவும் இல்ல."

"வேலைக்குத் திரும்பினப்புறம் ரொம்ப நாள், ஊசி எடுத்தாலே என் கை நடுங்கும். போன மாசம்தான் நின்னுது." கைப்பையை மடியில் நேராக்கிக்கொண்டாள். "அன்னிக்கு நீங்க உள்ள வரலைன்னா வேலையை விட்டிருப்பேன். அத மட்டும் சொல்லணும்னு தோணுச்சு."

அவள் நிறுத்தம் வந்தது. எழுந்தாள். கூட்டத்தில் யாரோ இடிக்க, விழாமலிருக்க அக்காவின் தோளைப் பற்றிக்கொண்டாள். நிலைப்பட்ட பிறகும் ஒரு வினாடி கையை எடுக்கவில்லை. பிறகு இறங்கி, மருத்துவமனை வாசலை நோக்கி வேகமாக நடந்தாள்.