அம்மா வாய் திறக்காத நாட்கள்

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. ஆண்டு விழாவுக்கு வந்த அம்மா, என் பேராசிரியையிடம் வாய்விட்டுச் சிரித்துப் பேசினாள். பல்லெல்லாம் புகையிலைக் கறை. வீடு திரும்பும் வழியில், இனிமேல் வெளியாட்கள் முன்னால் வாயைத் திறக்காதே என்று சொல்லிவிட்டேன். மறுநாளிலிருந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பேசினாள்.

அம்மாவுக்குக் கருவாட்டுக் கிட்டங்கியில் வேலை. மீனைக் கீறி உப்பு தடவுகிற கையால் இடையில் எதையும் எடுத்து வாயில் போட முடியாது. அதனால் அங்குள்ள பெண்கள் காலையிலேயே வெற்றிலை, பாக்கு, சிப்பிச் சுண்ணாம்போடு புகையிலையை உருட்டிக் கன்னத்தில் அடக்கிக்கொள்வார்கள். மதியம் வரை அங்கேயே ஊறிக் கிடக்கும். பசி தெரியாது, கவிச்சி தெரியாது என்பார்கள்.

பிறகு குழம்பில் மிளகாய் குறைந்தது. வாய் எரிகிறது, உப்புக் காற்றில் வெந்திருக்கும் என்றாள். கிட்டங்கியில் எல்லாரும் அப்படித்தான் நம்பினார்கள். நான் ஆஸ்பத்திரிக் குழம்பு என்று கேலி செய்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோவில் பூசையில் நன்மை வாங்க முழங்காலிட்டிருந்தோம். சாமியார் அப்பத்தை நீட்டியபோது அம்மாவின் வாய் ஒரு விரல் அளவுக்குக்கூட விரியவில்லை. அவர் அதை உடைத்து, ஒரு துண்டை நாக்கு நுனியில் வைத்தார். என் மேலுள்ள கோபத்தைக் கோவிலிலுமா காட்டுகிறாள் என்று எனக்கு எரிச்சல். வெளியே வந்ததும் கேட்டேன்.

"ஏளா, தொறக்க வரமாட்டேங்கு. கன்னத்துக்குள்ள கயிறு இழுத்துக் கட்டுன மாதிரி கெடக்கு. நீதானே மூடச் சொன்ன, அப்படியே இருந்துட்டேன்."

ஆஸ்பத்திரியில் கன்னத்துச் சதையைக் கொஞ்சம் வெட்டிச் சோதித்தார்கள். புற்று. டாக்டர் எனக்கு விளக்கினார். தோலுக்கு அடியில் நார் நெய்கிற செல்கள் இருக்கின்றன. காயத்தை ஆற்றுவதும் மேல்தோலைத் தாங்குவதும் அவைதான். புகையிலையும் பாக்கும் ஓயாமல் பட்டதில் அவை குணம் மாறி, கண்டபடி நாரைப் பின்னிக் கன்னத்தை இறுக்கிவிட்டன. மேல்தோலில் கெட்டுப்போன செல்கள் வளரவும் அவையே இடம் கொடுப்பதாகத் தோன்றுகிறது என்றார். அந்த நார் செல்லைக் கல்லூரி மைக்ராஸ்கோப்பில் பார்த்து, நூல் நூற்கும் கதிர் வடிவில் அழகாக வரைந்து பாராட்டு வாங்கியவள் நான்.

அறுவை சிகிச்சைக்கு மறுவாரம் வரச் சொன்ன டாக்டர், படித்த பெண் வீட்டில் இருந்துமா இவ்வளவு முற்றவிட்டீர்கள் என்று என்னைப் பார்த்துக் கேட்டார். அம்மா முந்திக்கொண்டாள்.

"அவளுக்கு ஒண்ணும் தெரியாது, டாக்டரய்யா. நாந்தான் சொல்லாம வச்சிருந்தேன்."

டாக்டரின் பார்வை தணிந்தது. நான் அதை அப்படியே தணிய விட்டேன்.